பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது, டாக்டர்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஒன்றரை கிலோமீட்டர் தூரம். போன வருஷம் வரை எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேரோடு சைக்கிளில் போய்வந்தாள். ஜூன் மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பைக்கில் வந்த இரண்டு பேர், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பையனை அள்ளிக்கொண்டு போகிறார்கள். "வடக்கிலிருந்து ஒரு கும்பல் இறங்கியிருக்கிறது" என்று கூடவே ஒரு குரல் பதிவு. அன்றிலிருந்து நானேதான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறேன். எல்கேஜி படிக்கும் மகனை முன்னால் நிற்க வைத்து, மகளைப் பின்னால் உட்கார வைத்து, பைபாஸ் வழியாகப் போகிறோம். மகளுக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறேன். வேலை நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. நான் செய்வதுதான் சரி என்கிறார் மாமியார். கணவர் "ஓவரா பண்றே" என்கிறார். மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு மனநோயா, இல்லை நான் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேனா?

ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நோயா, ஜாக்கிரதையா என்று கேட்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நோய்ப் பெயர் சூட்ட எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி, நல்ல மனநிலையில் இருப்பவர்களின் மூளையும் அன்றாடம் போடுகிற ஒரு தப்புக் கணக்குதான். சரி, ஜாக்கிரதை என்று சொல்லிவிடலாமா? அதற்கும் தயக்கமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என் வயிற்றைக் கலக்கிய இடம் ஒன்று உண்டு. அது கடத்தல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோ. உங்கள் வர்ணனையைப் பார்த்தால், 2018-ல் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ மாதிரியே இருக்கிறது. அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தைகள் பத்திரம் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக நடித்து எடுத்தது. முழுப் படத்தில் பைக்காரர்கள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், அறிவுரை வாசகமும் வரும். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஊர் ஊராகப் போனது. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெயரோடு, அந்த ஊர் மொழியில் ஒரு குரல் பதிவும் சேர்ந்துகொண்டது.

அது என்ன செய்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழியில் நின்றது. அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊரே திரண்டு அடித்ததில் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அதே வாரம் பழவேற்காட்டிலும் ஒருவரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள். இப்படிப் பல மாநிலங்களில் நடந்த பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

உங்கள் மாவட்டத்தில் இதற்கு நேர் எதிரான கதையும் நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் இந்தியில் பரவின. பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி, திருப்பூர் வரை வந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. அந்த வாரம் பிகாரில் இருந்த ஏதோ ஒரு அம்மாவும் உங்களைப் போலவே தூங்காமல் கிடந்திருப்பார், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனை நினைத்து. அவருக்கு நீங்கள் ஆபத்து, உங்களுக்கு அவர் மகன் ஆபத்து!

பொய் என்று தெரிந்த பிறகு பயம் போய்விடுமா? போகாது. ஏன் போகாது என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி.

பயம், நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. காவலுக்கு வளர்க்கும் நாய் திருடனைப் பார்த்தும் குரைக்கிறது, பால்காரரைப் பார்த்தும் குரைக்கிறது. நூறு தடவை வீணாகக் குரைத்தால் நமக்குக் கொஞ்சம் தூக்கம் போகும், அவ்வளவுதான். ஒரு தடவை குரைக்காமல் விட்டால் வீடு போய்விடும். நம் மூளையின் பய ஏற்பாடும் அப்படியே வளர்ந்து வந்திருக்கிறது. புதரில் அசைந்தது காற்றா, பாம்பா என்று நின்று ஆராய்ந்தவர்களைவிட, முதலில் ஓடிவிட்டு அப்புறம் யோசித்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். அவர்களின் வம்சம்தான் நாம். ஆகவே ஆபத்தைப் பெரிதாக நினைப்பது உங்கள் தனிப்பட்ட பலவீனம் இல்லை.

சரி, எந்த ஆபத்தைப் பார்த்து அதிகம் குரைக்கும்? எது சட்டென்று மனக்கண்ணில் வருகிறதோ அதைப் பார்த்து. அமோஸ் ட்வர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே இதை எழுதினார்கள். ஒரு விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று கேட்டால், அது எவ்வளவு சுலபமாக ஞாபகத்துக்கு வருகிறது என்பதை வைத்தே மனம் பதில் சொல்லிவிடுகிறது. 1978-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் எது அதிகம் பேரைக் கொல்கிறது என்று மக்களிடம் கேட்டார்கள். ஆஸ்துமாவைவிடச் சூறாவளிதான் அதிகம் கொல்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் அப்போது அங்கே ஆஸ்துமாவில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட இருபது மடங்கு. சூறாவளி டிவியில் வரும். ஆஸ்துமா ஆஸ்பத்திரியில் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

பால் ஸ்லோவிக் என்ற ஆய்வாளர் இன்னொன்றையும் காட்டினார். நம் கட்டுப்பாட்டில் இல்லாதது, நினைத்தாலே குலை நடுங்குவது, யாரென்று தெரியாத இடத்திலிருந்து வருவது, இவை எல்லாம் நிஜ அளவைவிடப் பெரிதாகத் தெரியும். பழகியது, நாமே விரும்பிச் செய்வது, ஹேண்டில் நம் கையில் இருப்பது, இவை சிறிதாகத் தெரியும். பிள்ளை கடத்தல் முதல் வகையில் ஒன்றுவிடாமல் பொருந்துகிறது. ஸ்கூட்டி இரண்டாவது வகையில்.

என் வயிற்றைக் கலக்கிய இடம் இதுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாளுக்கு 49 பேர் வருகிறது. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் போய் இறந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். உங்கள் கடிதத்தில் ஹெல்மெட் என்ற சொல்லே வரவில்லை. முன்னால் நிற்கும் உங்கள் மகனின் மோவாய் ஹேண்டில் பாருக்கு நேராக இருக்கும். திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் போய் மோதுவது அவன் முகம், அதற்குப் பின்னால் உங்கள் எடை மொத்தமும். காலை எட்டரைக்கு, பைபாஸில், லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில்.

எந்தப் பள்ளி வாசலிலும் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். இரண்டு பையை முன்னால் மாட்டி, சாப்பாட்டுக் கூடையை ஹேண்டிலில் தொங்கவிட்டு, பின்னால் இரண்டு பிள்ளைகளோடு வரும் அப்பா அம்மாக்களை எண்ணி மாளாது. இவர்கள் யாரும் பொறுப்பில்லாதவர்கள் இல்லை. பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயந்தவர்களே பலர்.

"டாக்டர், வருஷத்துக்கு லட்சம் பிள்ளைகள் கடத்தப்படுகிறார்கள் என்று செய்தி வருகிறதே" என்று கேட்பீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் ஆள் கடத்தல் வழக்குகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பது நிஜம். ஆனால் அது எல்லா வயதினருக்குமான எண். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால், கடத்தலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே போலீஸ் வழக்குப் பதிய வேண்டும். மிக நல்ல உத்தரவு. முன்பெல்லாம் "பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும், தேடிப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதன் பிறகு, மார்க் குறைந்ததால் வீட்டுக்கு வராத பையன், சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன பெண், காதலித்தவனோடு போன பதினேழு வயதுக்காரி எல்லோரும் அந்த எண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள். கணிசமானவர்கள் திரும்பக் கிடைத்தும் விடுகிறார்கள். முன்பின் தெரியாதவன் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு போவது என்பது அந்தப் பெரிய எண்ணில் ஒரு மூலை. நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. நடந்த ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கதை என்பதும் தெரியும். ஆனால் பயம் "நடக்குமா, நடக்காதா" என்று மட்டும் கேட்கும். "எத்தனையில் எத்தனை" என்று நாம்தான் கேட்க வேண்டும்.

உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உறவில், தெருவில், வேலை செய்யும் இடத்தில், உங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை யாரையாவது அந்நியன் தூக்கிப் போயிருக்கிறானா? வண்டியில் அடிபட்டவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? முதல் கேள்விக்கு யோசிக்க வேண்டியிருக்கும். இரண்டாவதற்குப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு பயமும் உள்ளே இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் மாமியாரைப் பற்றிய வரியில் எட்டிப் பார்க்கிறது. ஸ்கூட்டியில் விபத்து நடந்தால் ஊர் "விதி" என்று சொல்லும், உங்களைக் கட்டிப்பிடித்து அழும். சைக்கிளில் போன பிள்ளைக்கு ஏதாவது ஆனால், "வயசுக்கு வரப்போற பொண்ணை அப்படியா அனுப்புவா?" என்று கேட்கும். இந்தப் பழிக்கான பயம் ஆபத்தின் அளவையே மாற்றிவிடுகிறது. 2016-ல் வெளியான கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் இதைச் சோதித்தார்கள். அம்மா பிள்ளையைக் கொஞ்ச நேரம் தனியே விட்டுப்போன கதையைப் பலரிடம் கொடுத்து, பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று கேட்டார்கள். பிள்ளை, இடம், நேரம் எல்லாம் ஒன்றுதான். அம்மா போன காரணத்தை மட்டும் மாற்றினார்கள். அவள் விபத்தில் மாட்டிக்கொண்டாள் என்றால் ஆபத்து கம்மி என்றார்கள். கள்ளக்காதலனைப் பார்க்கப் போனாள் என்றால் அதே பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்றார்கள்! அம்மாவின் மேல் வந்த கோபம், பிள்ளையின் ஆபத்துக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. நம் ஊரில் தாய்மார்கள் தங்கள் மேலேயே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்து அந்த வாட்ச். பார்க்கிறீர்கள், பள்ளியில் இருக்கிறாள் என்று காட்டுகிறது, நிம்மதி வருகிறது. பத்து நிமிஷத்தில் நிம்மதி கரைந்துவிடுகிறது. மறுபடி பார்க்கிறீர்கள். இதில் மூளை கற்றுக்கொள்வது "பள்ளியில் பத்திரமாகத்தான் இருக்கிறாள்" என்பதை இல்லை. "பார்த்ததால்தான் பத்திரமாக இருக்கிறாள்" என்பதை. தினமும் கொண்டுபோய் விடுவதும் அப்படித்தான். ஜூனிலிருந்து ஒன்றும் நடக்கவில்லை, அதற்குக் காரணம் ஸ்கூட்டி என்று மனம் எழுதிக்கொண்டுவிட்டது. போன வருஷம் முழுக்க சைக்கிளில் போய் ஒன்றும் நடக்காததை அது கணக்கில் சேர்ப்பதே இல்லை. பதற்றத்துக்கு என்னிடம் வருகிறவர்களிடம் மாத்திரையைவிட அதிக நேரம் நான் செலவிடுவது இந்தச் சுற்றை உடைக்கத்தான்.

உடைப்பது எப்படி? ஒரே நாளில் "போயிட்டு வாம்மா" என்று அனுப்பச் சொல்லவில்லை. முதல் வாரம் அவள் தோழிகளோடு சைக்கிளில் போகட்டும், நீங்கள் பாதி வழி வரை பின்னால் வாருங்கள். அடுத்த வாரம் தெருமுனையோடு நின்றுவிடுங்கள். அதற்கடுத்து வீட்டு வாசல். ஒவ்வொரு படியிலும் நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும், அதைக் குறைக்க உடனே வாட்சைப் பார்க்காதீர்கள். பொதுவாகச் சிறிது நேரத்தில் அது தானாகவே இறங்கும். அப்படி இறங்குவதை நீங்கள் சில தடவை உணர்ந்தாலே பாதி வேலை முடிந்தது. வாட்சை, பள்ளி சேர்ந்த நேரம் ஒரு தடவை, வீடு திரும்பியதும் ஒரு தடவை பாருங்கள். நடுவில் இல்லை. எடுத்த எடுப்பில் முடியாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் நீங்கள் பயப்படத்தான் வேண்டும். சைக்கிளும் சாலையில்தான் போகிறது. அந்த ஒன்றரை கிலோமீட்டரில் வண்டிகள் வேகமாக வரும் திருப்பமோ, சாலையைக் கடக்கும் இடமோ ஒன்றாவது இருக்கும். கடத்தல்காரன் மேல் வைத்திருக்கும் கவலை மொத்தத்தையும் அங்கே கொண்டுபோய் வையுங்கள். அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டையைப் பாருங்கள், பின்னால் ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். நான்கு பெண்களும் பேசிக்கொண்டே பக்கம் பக்கமாக ஓட்டாமல் ஒருவர் பின் ஒருவராகப் போகப் பழக்குங்கள். மகனை எப்படியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அவன் பின்னால் உட்காரட்டும், தலையில் ஹெல்மெட்டோடு. நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. அதற்குக் கீழே என்றால், 2023 பிப்ரவரியிலிருந்து ஹெல்மெட்டோடு ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் என்பதும் அதே சட்டம்.

இன்னொரு இடத்திலும் உங்கள் பயம் முகவரி மாறி நிற்கிறது. போக்ஸோ சட்டத்தின்கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில், வருஷா வருஷம், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றவாளி அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழகியவர். "தெரியாதவங்ககிட்டப் பேசாதே" என்று மட்டும் சொல்லி வளர்த்தால், தெரிந்தவர் தப்பாக நடக்கும்போது பிள்ளைக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அதனால் "யாரா இருந்தாலும்" என்று தொடங்குங்கள். யாராக இருந்தாலும் உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டால் சத்தம் போடு. "அம்மாகிட்டச் சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அதைத்தான் முதலில் என்னிடம் வந்து சொல். வழி தவறினாலோ யாராவது பின்தொடர்ந்தாலோ ஆட்கள் இருக்கும் கடைக்குள் போய் நில், உதவி கேள். குழந்தைகள் உதவி எண் 1098 அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். இதெல்லாம் அவள் உங்களிடம் பேசினால்தான் நடக்கும். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறீர்கள். மூன்று தோழிகளும் சிரித்துக்கொண்டு சைக்கிளில் போக, தான் மட்டும் அம்மா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போவது பன்னிரண்டு வயதில் சின்ன விஷயம் இல்லை.

தூக்கத்தைப் பற்றி. படுக்கையறையில் போன் வேண்டாம். குடும்பக் குழுவை மியூட் செய்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் சரியாகவில்லை, இந்தக் கவலை பணம், உடம்பு, கணவர் வண்டியில் போவது என்று மற்றவற்றுக்கும் பரவுகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன என்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அதற்கு முன் போனில் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

கடைசியாக மாமியாரும் கணவரும். மாமியாரோடு வாதம் வேண்டாம். "அந்த வீடியோ பொய், அத்தை" என்று நீங்கள் சொன்னால் அவருக்கு அது மரியாதைப் பிரச்சினை ஆகிவிடும். சாயங்காலம் பிள்ளைகள் திரும்பும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். தெருவில் இரண்டு மூன்று பாட்டிகள் அப்படி உட்கார்ந்திருந்தால் எந்த வாட்ச்சும் தேவைப்படாது. கணவருக்கும் வேலை உண்டு. "ஓவரா பண்றே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளோடு அந்த வழி முழுக்க ஒரு தடவை சைக்கிளில் போய், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று காட்டிவிட்டு வரட்டும். வரும் வழியில் ஹெல்மெட் கடைக்கும் போகட்டும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், பட்டையைப் பூட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட் ஆடக் கூடாது, இரண்டு அளவு பெரிதாக "வளர்ந்தாலும் போட்டுக்கலாம்" என்று வாங்கிவிடக் கூடாது.